மைக் இல்லாத காலத்து ஹால்

போன வாரம் காலடிப்பேட்டையில் நான் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இரண்டே நிமிடம்தான். அதற்குள் என் மூக்கில் வௌவால் எச்ச வாடை ஏறிவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த வாடைக்கு முப்பது வயது.

அப்போது நான் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைபவள். ராயபுரத்துப் பழைய ஹாலை அளந்துவர அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் வியாபாரிகள் சேர்ந்து, கூட்டம் கூடிப் பேசுவதற்கென்றே கட்டியது. கப்பலில் வந்த வார்ப்பிரும்புத் தூண்கள், தேக்கு உத்தரங்கள், வளைவுகளில் வண்ணக் கண்ணாடி. பின்பக்கம் உயரத்தில் ஒரு மர மாடம். அதற்கு ஏற, மூலையில் ஒரு கூண்டுக்குள் இரும்புச் சுழல் படி. துணைக்கு வண்ணாரப்பேட்டைக் கொத்தனார் காதர் பாய் வந்தார். எனக்கு டேப்பை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாது.

நாங்கள் மாடத்தில் கால் வைத்ததும் பின்னால் படி மொத்தமாகச் சரிந்தது. உப்புக்காற்று தின்ற இரும்பு. அந்த அதிர்வில் மாடத்தின் முன்பலகைகளும் தொங்கிவிட்டன. சுவரோரம் இரண்டடிதான் மிச்சம், அதுவும் வௌவால் எச்சம் மண்டியது. சாப்பிடப் போயிருந்த காவலாளி, நாங்கள் கிளம்பிவிட்டதாக நினைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனார். கத்தினோம். துறைமுகத்து லாரிச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது.

மூன்று மணி நேரம். தண்ணீர் வைத்திருந்த பை படியோடு போயிருந்தது.

"அழுதுருவேன் பாய்."

"அழும்மா. ஆனா ஆடாத. பலகை பேஜாரா கீது."

அவர் கை என் துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்திருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மாலையில் கதவு திறந்தது. மீனவர்கள் கூட்டம். உயிர் வந்தது என்று கத்தினால், மேடையில் மைக் அலறத் தொடங்கியது. எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. கீழே நூறு பேர், ஒருவரும் தலை நிமிரவில்லை. பூட்டிய கதவைவிட அதுதான் கொடுமை.

அப்புறம் கரண்ட் போனது.

காதர் பாய் கத்தவில்லை. "நைனா, மேல ரெண்டு பேரு மாட்டிகினு கீறோம்" என்றார், பேச்சுக்குரலில். மைக் இல்லாத காலத்துக்காகக் கட்டிய கூரையல்லவா, அந்தச் சொல் கடைசி மூலைவரை போனது. எங்கிருந்தோ மூங்கில் ஏணி வந்தது. "பயப்படாத, புட்சிகினேன்" என்று மீன்காரம்மா ஒருத்தி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அறிக்கை எழுதச் சொன்னார்கள். "மாடந்தான் கெட்டு கீது. ஹாலு கல்லு மாதிரி கீது. அத்த எழுதும்மா" என்றார் காதர் பாய். எனக்குக் கண்ணை மூடினால் அந்த இரண்டடிப் பலகைதான் தெரிந்தது. 'கட்டடம் மக்கள் கூடுவதற்கு ஏற்றதல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஹாலை இடித்தார்கள். காதர் பாய் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மீனவர்கள் தெருவில் பந்தல் போட்டுக் கூடுகிறார்கள். போன மழையில் பந்தல் சரிந்து, எங்கே ஒதுங்குவதென்று தெரியாமல் அவர்கள் நனைந்துகொண்டு நின்றதைப் பேருந்திலிருந்து பார்த்தேன். என் நிறுத்தம் அதுதான். நான் இறங்கவில்லை.