அட்டமி என்று நான் மறுத்த ஒப்பரேசன்

இதை எழுத எனக்கு ஆறு வருடம் எடுத்தது. பேனையை எடுப்பேன், விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவேன். உண்மையில் வெட்கம்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விசயத்தில் பிழை இல்லை.

நாங்கள் ஊரை விட்டு வந்து, பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறோம். இவருக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குப் பெயர் பதிந்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தோம். கொழுப்பு கூடாதென்று தேங்காய்ப்பால் விடாத சொதிதான் ஒவ்வொரு நாளும். "இதுக்குப் பேர் சொதியோ, குளத்துத் தண்ணியோ?" என்று கேட்டுக்கொண்டே குடிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இவர் பேக்கரி வேலைக்குப் போனபின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ வரவில்லையாம், வாற கிழமை வியாழன் ஒரு இடம் இருக்காம், உங்கள் கணவர் வருவாரா என்று ஒரு பெண் பிரெஞ்சில் கேட்டாள். என் கண் சுவரில் கிடந்த கோயில் கலண்டருக்குப் போனது. அந்த வியாழன் தேய்பிறை அட்டமி. நல்ல காரியம் ஒன்றும் தொடங்காத நாள்.

"நொன், மெர்சி", வேண்டாம் நன்றி என்றேன். இவர் ஊரில் இல்லை என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன்.

"நிச்சயமாகவா மடாம்? அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது."

நிச்சயம் என்றேன். போனை வைத்துவிட்டுப் பூசணிக்காயை வெட்டி முடித்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

அந்த வியாழன் போய் ஆறு கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையிலேயே சுருண்டு விழுந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அம்புலன்சில் கொண்டுபோனோம். பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார்கள். வாசலில் கேட்டது சுகாதார அட்டை மட்டும்தான். இவருக்கு என்ன சம்பளம், யார் கட்டப்போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அம்புலன்சுக்கு ஒரு பில் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். தலையணைக்குக் கீழே நான் வைத்த திருநீற்றுப் பொட்டலத்தை ஒரு ஹெயிட்டி நேர்ஸ் எடுத்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன். விழாமல் இருக்கட்டும் என்று கட்டில் கம்பியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டுப் போனாள்.

இவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்துதான் கலண்டரைப் பார்த்தேன். அந்த ஞாயிறு நவமி. அட்டமிக்குப் பயந்த என்னைக் கடவுள் நவமியில் காப்பாற்றி விட்டிருக்கிறார்.

என் அக்காவின் புருசன், அத்தான், இல்-பிசாரில் பெரிய வீட்டோடு இருப்பவர். அன்றிலிருந்து எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இவரின் கதைதான் அவருக்கு. "ஏழு மாதம் ஆளைக் கிடக்க விட்டவங்கள்! வைத்தியத்தை அரசாங்கத்திட்ட விட்டால் இப்பிடித்தான். காசு உள்ளவன் காசைக் குடுத்திட்டு முன்னுக்குப் போகட்டும்." நான் பாயாசம் பரிமாறிக்கொண்டு பேசாமல் நிற்பேன். வருடக் கணக்காய் நின்றேன்.

போன வருடம் கோயில் திருவிழாவில், மடப்பள்ளியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த மட்டக்களப்புத் தங்கச்சி அடிக்கடி வலது விலாவைப் பிடித்தாள். கேட்டேன்.

"கல்லாம் அக்கா. டொக்டர் கடிதம் தந்து ரெண்டு மாசம். நான் ஆஸ்பத்திரில கொண்டு குடுக்கல்ல. போய் என்ன, உங்கட ஆளையும் கிடக்க விட்டவங்கதானே."

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. நான் மறைத்தது இவளைக் கொல்லப்போகிறது என்று விளங்கியது. எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே அவளுக்குச் சொன்னேன்.

அன்னதானம் தொடங்கியது. அகப்பையோடு நின்றேன். வரிசையில் அத்தான், அவருக்குப் பின்னால் இவர்.

"என்ன மச்சாள், வரிசை அசையுதில்லை. இதையும் அரசாங்கமோ நடத்துது?" என்று அத்தான் சிரித்தார்.

"ஏன் அத்தான், காசு உள்ள ஆக்களை முன்னுக்கு விடட்டோ?"

"விட்டால் நல்லதுதானே!"

"அப்ப இண்டைக்குச் சோறு கிடைக்காத ஆள் ஆர் எண்டு பின்னால திரும்பிப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் திரும்பவில்லை. நான் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்காரர் நாள் தந்தவை. வேண்டாமெண்டு சொன்னது நான். அட்டமி எண்டு சொன்னது நான். ஐஞ்சு மாதம் அவையின்ர பிழை, அதுக்கு இண்டைக்கும் எனக்குக் கோவம்தான். மிச்சம் என்ர பிழை. அரசாங்கம் வைத்தியம் பாக்க வேணும், இன்னும் கெதியாப் பாக்க வேணும். என்ர இவரை வைச்சு வேற கதை சொல்லாதேங்கோ!"

இவருக்கும் அப்போதுதான் தெரியும். தட்டை நீட்டியபடி நின்றார். காரில் பாதித் தூரம் போனபின்தான் கேட்டார்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் அட்டமியில போயிருப்பியளோ?"

"இல்லைத்தான்" என்றார்.

அடுத்த நாளே அந்தத் தங்கச்சியோடு போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து நாள் வந்தது. "அண்டைக்கு என்ன திதி அக்கா?" என்று போனில் கேட்டாள். "நான் பாக்கேல்லை, நீங்களும் பாக்காதேங்கோ. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டுப் போங்கோ" என்றேன். போனாள், சுகமாய் வந்தாள். இந்த வருடமும் மடப்பள்ளியில் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

ஆனால் சனத்தின் வாயில் கதை மறுபடி மாறிவிட்டது. நான் கோயிலை விட்டுவிட்டேன் என்று ஒரு பக்கம். அரசாங்கத்தில் ஒரு குறையும் இல்லை என்றேன் என்று இன்னொரு பக்கம். இரண்டும் பொய். வெள்ளி விரதம் இன்றும் பிடிக்கிறேன். கதை இப்படி மாறுவதால்தான் எழுதி வைக்கிறேன். விலாவைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் எவருக்கும் இதைக் கொடுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொண்டே கொடுங்கள். ஐந்து மாதத்தையும் குறைக்காதீர்கள், அட்டமியையும் வெட்டாதீர்கள். நான் எழுதியது எழுதியபடியே போகட்டும்.