சூசையம்மாவும் கோது வெட்டும் மெசினும்

தங்கச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிப் பொத்தானைப் பூட்டுகிறார் சூசையம்மா. வளையல்கள் கழன்று சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் போகின்றன. மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம். அதற்குப் பிறகுதான் மெசினின் சுவிட்சில் கை வைக்கிறார்.

"சுத்துற சாமானுக்குக் கிட்ட உடம்பிலை ஒண்டும் தொங்கக் கூடாது, தங்கச்சி. தொங்கினா அது எங்களையும் சேர்த்து வெட்டிப்போடும்."

மெசின் மிக்சியை விடச் சிறியது. முகப்பில் ஒரு துளை. சுட்டு முடிந்த துவக்குத் தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதை வாய்ப்பக்கமாக அதற்குள் அழுத்தினால், உள்ளே சுற்றும் கத்தி விளிம்பை மயிரிழை அளவுக்குச் சீவும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கோது கொஞ்சம் நீண்டுவிடுமாம். எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டினால்தான் திரும்ப நிரப்பிச் சுடலாம், குறியும் சிதறாது. வெட்டும்போது மெசின் கீச்சிடுகிறது. அளவுக்கு வந்ததும் சத்தம் அடங்குகிறது. பொன் நிறத் தூள் சமையலறை மேசையில் விரித்த பழைய பத்திரிகையில் உதிர்கிறது.

சூசையம்மாவுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் யோசித்தேன். கடலோரப் பேசாலையில் பிறந்தவர், இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து வீட்டு வேலையிலேயே தலை நரைத்தவர். "அங்கை வெடிச் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழை போய்ப் படுத்தம். இஞ்சை வெடிச்ச கோதைக் கழுவித் துடைச்சுக் கழுத்து வெட்டிக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிறார்.

ஒரேத்தோத் தெருப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த வீடு. வீட்டுக்காரர் லோ வெர்தே ஓய்வுபெற்ற பல்வைத்தியர், தனி ஆள், சுடும் கழகத்தில் பழைய அங்கத்தவர். துவக்கை மேசையில் தாங்கி வைத்துச் சுடுகிற போட்டி என்பதால் விசையை இழுக்க அவருக்கு ஒரு விரல் போதும். ஆனால் வாதத்தால் வீங்கிய விரல்களுக்குச் சின்னக் கோதுகள் அகப்படுவதில்லை. மெசின் வாங்கியும் அது அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. ஒரு நாள் தூசி தட்டப் போன சூசையம்மாதான் அதை எடுத்து வைத்து, "இதை நான் செய்யட்டோ?" என்று கேட்டிருக்கிறார்.

"துடை எண்டினம், துடைச்சன். சமை எண்டினம், சமைச்சன். இது ஒண்டுதான் நானா வாய் திறந்து கேட்டு வாங்கின வேலை. இதை மட்டும் ஆருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன்."

பங்குக் கோயிலில் இந்தச் செய்தி வேறு விதமாய்ப் பரவியது. சூசையம்மா குண்டு செய்கிறாராம்! பங்குச் சுவாமியே பூசை முடிந்து ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு விசாரித்தார். "குண்டு செய்யேல்லை சுவாமி, கோதுக்குக் கழுத்துத்தான் வெட்டுறன். சிஞ்ஞோர் லோ வெர்தே பல்லுக்குச் செய்ததை நான் பித்தளைக்குச் செய்யிறன்" என்றாராம் இவர். வெடிமருந்து நிரப்புவதெல்லாம் லைசன்ஸ் உள்ள லோ வெர்தே, பூட்டிய அறைக்குள் செய்வது. அதற்கான கருவிக்குப் பெரிய கைப்பிடி இருப்பதால் அவரால் சமாளிக்க முடிகிறது. அந்த அறைப் பக்கம் சூசையம்மா தலை வைத்தும் படுப்பதில்லை.

இவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சுவாமி கோபிப்பாரா, மகிழ்வாரா தெரியாது. வெட்டிய கோதுகளை நிறுத்தி வைக்க ஒரு மரத்தட்டு உண்டு. வரிசைக்குப் பத்துக் குழியாக ஐந்து வரிசை. அதுவே இவருடைய செபமாலை. ஒரு கோதுக்கு ஒரு மணி. கோதைத் துளைக்குள் அழுத்தும்போது உதடு அசையத் தொடங்கும், கோது குழிக்குள் போகும்போது செபம் முடியும். ஒரு வரிசை நிறைந்ததும் மெசினை நிறுத்தி, தூளைத் தூரிகையால் தட்டி, ஒரு கோதை எடுத்துக் கலிப்றோவால் அளப்பார். அது மீன் வாய் போலத் திறந்து பிடிக்கிற அளவுகருவி.

"ஒவ்வொண்டாய் அளந்தால் என்ன, அக்கா?" என்று கேட்டேன்.

"பத்துக்கு நடுவிலை எப்பிடி நிப்பாட்டுறது? மாதாவைப் பாதியிலை காக்க வைச்சிட்டு அளக்கப் போறதோ?"

நான் அவரைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போயிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு போட்டி. முடிந்ததும் எல்லாரும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்குச் சாப்பிடப் போவார்கள். வென்றவர் கடலைப் பார்க்கிற கதிரையில் இருப்பார், அது கழக வழக்கம். கொஞ்சக் காலமாகக் கடலைப் பார்ப்பவர் லோ வெர்தேயின் மைத்துனர் தொத்தோ. லோ வெர்தேயோ உணவகத்தின் சமையலறைக் கதவைப் பார்த்தபடி மட்டி தின்கிறார். இந்தக் கவலை சூசையம்மாவுக்கும் தொற்றியிருந்தது.

முதல் வரிசை நிறைந்தது. மெசினை நிறுத்திக் கலிப்றோவை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்ததை அளந்தார். அதற்கடுத்ததை அளந்தார். பத்தும் கட்டை. கத்தியைப் பிடித்திருந்த சின்னத் திருகாணி நடுக்கத்தில் இளகி, கத்தி முன்னே நகர்ந்திருந்தது.

"இண்டைக்கு மெசின் கொஞ்சம் நீட்டித்தான் கத்தினது. நான் நினைச்சன் என்ரை செபந்தான் உருகி நீளுது எண்டு." சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

ஒரே துவக்கில் சுட்ட ஒரே தொகுதிக் கோதுகள் அவை. வேறு கோதுகளை லோ வெர்தே கலக்க மாட்டார். மிஞ்சிய நாற்பதும் போட்டிக்குச் சரியாகக் காணும், ஆனால் இனி ஒன்றுகூடக் கெடக் கூடாது. சூசையம்மா மூடி மறைக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். கிழவர் கண்ணாடியை மாட்டிப் பத்தையும் பார்த்தார். சமையலறைக்கு வந்து மெசினின் வயரைப் பிடுங்கினார். அதையும் மிச்சக் கோதுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"போயிட்டுது, தங்கச்சி. மெசின் போயிட்டுது" என்றார் சூசையம்மா. "சரி, கூட்டுற தும்புத்தடி இருக்குத்தானே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கத்தரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

அறைக்குள் மெசின் ஓடியது. கீச் என்று ஒரு தொடக்கம். உடனே தரையோட்டில் 'டிங்'. கோது உருண்டு எதற்கோ கீழே போகிற சத்தம், அதைத் தொடர்ந்து பச்சைச் சிசிலியனில் ஒரு வசவு. மறுபடியும் கீச், மறுபடியும் 'டிங்'. ஒவ்வொரு 'டிங்'குக்கும் சூசையம்மாவின் கத்தி பலகையில் நின்றது.

"போய் எடுத்துக் குடுங்கோவன், அக்கா."

"கூப்பிடாமப் போகமாட்டன். எனக்கும் ரோசம் இருக்கு."

கதவு திறந்தது. லோ வெர்தேயின் முழங்காலெல்லாம் தூசி. கட்டிலுக்குக் கீழே புகுந்து வந்த கோலம். கையில் கலிப்றோ.

"சுசான்னா," என்று தனக்கு வாயில் நுழைகிற பெயரில் சூசையம்மாவைக் கூப்பிட்டார் இத்தாலியனில், "திருகாணியை இறுக்கிவிட்டேன். ஆனால் இந்த விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நீங்கள் வெட்டுங்கள், நான் அளக்கிறேன். ஒவ்வொன்றாக."

கடைசிச் சொல்லைக் கேட்டுச் சூசையம்மா கொஞ்சம் தயங்கினார். கோயில் பக்கமே போகாத அந்தக் கிழவருக்கும் அந்தத் தயக்கத்தின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அவசரப்படுத்தாமல் நின்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு சூசையம்மா உள்ளே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு லோ வெர்தே கையை நீட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி சட்டைக்குள் போனது, நெற்றியில் சிலுவை விழுந்தது. முதல் கோது துளைக்குள் போனது, உதடு அசைந்தது. மெசின் கீச்சிட்டது, அடங்கியது. முதல் மணி முடிந்ததும் சூசையம்மா சுவிட்சை அணைத்தார். சூடாக இருந்த கோதை ஒருதரம் ஊதி, நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்து, உருண்டு விழாதபடி அந்த வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.