நோயாளி வீடு

கற்பிட்டிப் பக்கம் கடலோரப் பள்ளத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வெள்ள ஒத்திகை நடந்தது. நடக்க முடியாத நோயாளியாக நடித்தவன், அனர்த்தக் குழுவின் செயலாளரான நான்.

பக்கத்து வீட்டு ரஹீமா ராத்தா உண்மையாகவே கால் இயங்காமல் படுத்திருந்தார். “என்னையே தூக்கிப் பழகுங்களேன், தம்பி” என்றார்.

“படம் எடுக்கப் பெரியாக்கள் வருவாங்க, ராத்தா. உங்கட வீடு சரிவராது” என்றேன். புதுச் சாரம் உடுத்து ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து, வலிக்கிற மாதிரி முனகவும் செய்தேன். கைதட்டினார்கள், சான்றிதழும் தந்தார்கள்.

அந்த மாரியிலேயே மெய்யான வெள்ளம் வந்தது. முழங்கால் தண்ணீரில் நாலு தொண்டர்கள் ஸ்ட்ரெச்சரோடு என் வாசலில் நின்றார்கள்.

“நோயாளி வீடு இதுதானே, செயலாளர் நானா?”

அவர்கள் கையிலிருந்த ஒத்திகைப் பட்டியலில் என் வீட்டிலக்கம்தான் இருந்தது. எழுதிய மடையனும் நான்தான். பக்கத்து வீட்டைக் காட்டியிருக்கலாம். நான் என் டிவியைக் காட்டினேன். அதைத் தூக்கிப் போனார்கள்.

ராத்தாவை இரண்டு மீன்பிடிகாரர்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிவந்து பாடசாலை முகாமில் சேர்த்தார்கள். நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி, ஸ்ட்ரெச்சரில் சொகுசாகக் கிடந்த டிவியைப் பார்த்தார்.

“இவருக்கு இப்ப சுகமா, தம்பி?”

சான்றிதழ் இன்னும் என் சுவரில் தொங்குகிறது. ‘சிறந்த தொண்டர்’ என்று போட்டிருக்கிறது. வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் பாராட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.