பேசப் படித்து ஊருக்குப் போனேன்

காலையில் நான் ஏறும் ரயிலில் ஒரு பெட்டியின் கண்ணாடியில் 'ஸ்டில்ட்டே' என்று எழுதியிருக்கும். டச்சு மொழியில் அமைதி என்று பொருள். அந்தப் பெட்டியில் யாரும் பேசக்கூடாது. போன் வந்தால் எழுந்து வாசல் பக்கம் போய்விட வேண்டும். இருமினால்கூட ஒருவர் திரும்பிப் பார்ப்பார். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், வாயை மூடிக்கொண்டு போவதற்கு இத்தனை பேர் போட்டி போட்டு ஏறுகிறார்களே என்று சிரிப்பாக வரும். சங்கரன்கோவிலில் சிவகிரி பஸ் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் மூத்த மருமகனுக்கு என்ன வேலை, சின்ன மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பதுவரை தெரிந்துவிடும். ஆனால் இந்த அமைதிப் பெட்டியிலும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆளாளுக்குக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரோ இரண்டு பேர் மனம் விட்டுப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவனோடு பேசமாட்டார்கள், முன்பின் தெரியாதவன் அழுவதைக் கேட்பார்கள். போன வருஷத்திலிருந்து நானும் அதில் ஒருவன்.

அதற்குக் காரணம் வில்மா. குளிர்பதன இயந்திரங்களைப் பராமரிக்கும் எங்கள் கம்பெனியில் எனக்கு மேலதிகாரி. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, உன் வேலை எப்படி, நீ எப்படி என்று பேசுவார். அந்தப் பேச்சுக்கு டச்சில் ஒரு பெயர் உண்டு, சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிவிடும். "வேலையில் நீ கெட்டிக்காரன். ஆனால் உன் மனதில் என்ன இருக்கிறது என்று பதினோரு வருஷமாக எங்களுக்குத் தெரியவே இல்லை" என்றார் வில்மா. நான் சந்தோஷமாக நன்றி சொன்னேன். எங்கள் பக்கம் ஒருவனை அழுத்தமான ஆள் என்று சொன்னால் பாதிக்குமேல் பாராட்டுதான். வில்மா, தான் சொன்னது குறை என்று விளக்கினார். திருத்திக்கொள்ள ஒரு வழியும் எழுதிக் கொடுத்தார். அதுதான் நான் ரயிலில் கேட்கும் உரையாடல் நிகழ்ச்சி. மொழியும் வளரும், நீயும் வளர்வாய் என்றார். நாற்பத்திரண்டு வயதில் இன்னும் வளர வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கே அலுப்பாக இருந்தது.

நிகழ்ச்சியில் ஒரு பெண் கேட்பார், வாரம் ஒரு விருந்தாளி பதில் சொல்வார். தொழிலில் நொடித்துப்போனவர், குடியை விட்டவர், பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். விருந்தாளி எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த அம்மா கேட்பது ஒரே கேள்விதான். அது உங்களை என்ன செய்தது? நம் ஊரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடம்தான் டாக்டர் இப்படிக் கேட்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு மனிதர்கள் கரைந்து போனார்கள். அப்பாவின் சாவுக்குப் போகமுடியாத ஒருவர் ஒருநாள் பேசினார். நான் அமைதிப் பெட்டியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. இருமினால் திரும்புகிறவர்கள் அழுதால் திரும்பமாட்டார்கள்.

எங்கள் அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். அம்மா முன்னமே போய்விட்டாள். செய்தி வந்தபோது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. வெளியே போனால் திரும்பி வருவது சிக்கலாகும் என்று ஆபீசில் சொன்னார்கள். அலைந்திருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும், நான் அலையவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. அண்ணனின் மனைவி, என் மதினி, போனைத் தூக்கிப் பிடிக்க, அப்பாவை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். மறுநாள் வேலைக்குப் போனால், எட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டை ஒன்று என் மேஜையில் இருந்தது. அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டால் போனை மதினியிடம் கொடுத்துவிடுவார். "உங்க அண்ணன் குளிக்கப் போயிருக்காவ" என்பாள் மதினி. இரண்டு வருஷமாக எந்நேரமும் குளித்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் ஊர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. அதனால் அந்த நிகழ்ச்சியைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். நீ செய்தாய் என்று குற்றம் சொல்லாதே, எனக்கு இப்படி இருந்தது என்று சொல். எதிராளி பேசும்போது குறுக்கே விழாதே. கண்ணைப் பார். இப்படி ஒரு நோட்டில் எழுதி, ரயிலில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து, இந்த வருஷம் பன்னிரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனேன்.

போன அன்று மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். அண்ணன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணைப் பார்க்க முயன்றேன், அவர் தட்டைவிட்டு நிமிரவில்லை.

"அண்ணே, நீ பேசாம இருக்கது எனக்கு ரொம்பத் தனியா இருக்க மாதிரி இருக்கு. அப்பா போனது உன்னைய என்ன செஞ்சுதுன்னு நான் கேக்கணும்னு நினைக்கேன்."

அண்ணன் மதினியைப் பார்த்தார். "அவனுக்கு என்ன செய்யுதுன்னு கேளு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி ரசத்தோடு வந்தபோதும் அவள் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. நான் விடவில்லை. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று ஒரு வாரம் முயன்றேன். "நான் கேக்குதேன், நீ சொல்லு" என்றேன். "பேட்டி எடுக்கதுக்கு வந்திருக்கானா?" என்றார் அண்ணன், அதையும் மதினியிடம்தான். மதினிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க பேசப்பேச அவியளுக்குக் கடுப்புதான் வருது. கடைக்குப் போயி சும்மா இரிங்க" என்றாள்.

அப்படித்தான் கடைக்குப் போய் இருக்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் நாள் இளையரசனேந்தலிலிருந்து சுப்பையா அண்ணாச்சி வந்தார். அப்பா காலத்திலிருந்தே கடைக்கு வருகிறவர், புகைந்துபோன கிணற்று மோட்டார் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. மோட்டாரை இறக்கச் சொல்லாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். நெதர்லாந்தில் பன்னிரண்டு வருஷமாகக் கை குலுக்கிய பழக்கம். நான் எழுந்து, அவர் வலது கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கி, கண்ணைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இருக்கேளா அண்ணாச்சி? பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றேன். அவருடைய இடது கை அப்படியே நீட்டியபடி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் துட்டி வீட்டில், அதாவது சாவு நடந்த வீட்டில், அந்த வீட்டு ஆண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர் ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். வீட்டுக்காரர் தன் கைகளை அதன்மேல் வைத்து எடுப்பார். பேச்சு கிடையாது, என்ன ஏது என்ற விசாரணையும் கிடையாது. அன்றைக்குப் பார்க்க முடியாமல் போனவரை எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் முதலில் அந்தக் கையைத்தான் நீட்ட வேண்டும். அப்பாவுக்காக என்னிடம் கை நீட்ட வந்த முதல் ஆள் சுப்பையா அண்ணாச்சி. அவரிடம் நான் வியாபாரி மாதிரி இளித்துவிட்டேன்.

"நல்லா இருக்கேன்யா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மோட்டாரை இறக்கினார், டீ வேண்டாம் என்றார், போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் குறடைக் கீழே வைத்தார்.

"அவரு நம்ம அப்பாவுக்காக நீட்டுன கைல்லா அது." இரண்டு வருஷத்தில் அண்ணன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "அன்னைக்கு விடியக்காலம் இருந்து இருட்டுத வரைக்கும் ஊரே வந்துச்சு. ஒத்தையில நின்னு நான் ஒருத்தன்தான் கை குடுத்தேன். பக்கத்துல ஆள் இல்ல. வந்தவன் எல்லாம் என் கையைத் தொட்டுட்டு, அடுத்த கையைத் தேடுதான். அடுத்து சுவருதான் இருக்கு. என்ன செஞ்சுது என்ன செஞ்சுதுன்னு கேக்கியே, அதான் செஞ்சுது."

வில்மா இருந்திருந்தால் இது நல்ல உரையாடல் என்று மெச்சியிருப்பார். அண்ணன் திரும்பவும் குறடை எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் நான் எதையும் கேட்கவில்லை. கடையில் எடுத்துக் கொடுப்பதை எடுத்துக் கொடுத்தேன், கூட்டச் சொன்னால் கூட்டினேன். பேசிப் பேசி வளர்ந்த மனிதர்களைக் கேட்டுக் கேட்டு நான் களைத்துப் போயிருந்தேன்.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதுரை விமான நிலையத்துக்குப் போகும் காரை அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். அண்ணன் சுப்பையா அண்ணாச்சியின் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன்.

கம்பியை விடாமல் என் கையையே பார்த்தார்.

"ஏம்ல கை நீட்டுதே? துட்டிக்கு வந்தவன்லா கை நீட்டுவான். நீ அவரு மவன். நீயும் நானும் ஒரே பக்கம்லா நிக்கணும்."

கம்பியைக் கீழே வைத்தார். பக்கத்து ஸ்டூலில் கிடந்த பழைய பேரிங்குகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, ஸ்டூலைத் தனக்கு அருகே இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தோம். குருவிகுளம் பஸ் போனது. கார் வந்து ஹாரன் அடிக்கும்வரை அப்படியே இருந்தோம். யாரும் வரவில்லை. வர வேண்டியவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்து, அண்ணனின் கையை மட்டும் தொட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.