பொத்தானில் கட்டிய கம்பி

எம்.எஸ்.டபிள்யூ முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம். பூனாவை ஒட்டிய தாபோடியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் எங்கள் ஆலோசனை மையம். போசரி பக்கத்துத் தொழிற்சாலைகள், தங்களுக்குச் சரிப்பட்டு வராத தொழிலாளிகளை எங்களிடம் அனுப்பிவைக்கும். ஆளுக்கு ஆறு அமர்வு. ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு குறிப்பு தொழிற்சாலைக்குப் போகும். தமிழ் பேசுகிறவர் வந்தால் நேராக என் மேஜைதான். கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்த எனக்கு, மையத்தில் வேறு யாருக்கும் இல்லாத தகுதி அது ஒன்றுதான்.

அந்தச் சமயம்தான் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய், தீர்வை மட்டும் பேசுகிற சிகிச்சை முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். பிரச்சினையைத் தோண்டாதே, அது தீர்ந்த நாள் எப்படி இருக்கும் என்று கேள். எப்போது கொஞ்சமாவது நன்றாக இருந்தது என்று கேள். இன்றைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எந்த எண்ணில் இருக்கிறாய் என்று கேள். ஐந்தாறு அமர்வில் ஆள் எழுந்து நடந்துவிடுவான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத்தான் முதலில் பிடித்தேன். ராத்திரி தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து எல்லாம் சரியாகிவிட்டது, காலையில் எழுந்ததும் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். குழாயில் தண்ணீர் வந்தால், என்றார் அப்பா. உங்களுக்குள்ளே என்ன மாறியிருக்கும் என்று விடாமல் கேட்டேன். குளித்திருப்பேன் என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் குக்கரைக் கவனிக்க மறந்துவிட்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா ஒத்துழைக்கவில்லை என்று கோபம்.

அந்த வேகத்தில் மையத்துக்கு ஒரு புதுப் படிவமே தயாரித்தேன். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு எண். டிடிபி கடையில் பக்கத்தில் உட்கார்ந்து கோடு கோடாகப் போடவைத்தேன். மையத்தின் பொறுப்பாளர் ஐம்பது வயது மராத்தியப் பெண்மணி. பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனிக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிக்க நேரம் கிடையாது, எண் என்றால் பார்ப்பார்கள் என்றார்.

அப்போது வந்தார் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே பூனாவுக்கு வந்தவர்கள். தகரத்தை அடித்து வண்டிப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறார். பத்தொன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. கம்பெனிக் கடிதத்தில் இரண்டே வரி: மனப்போக்கு சரியில்லை, ஊக்கப்படுத்தி அனுப்பவும். வேலைக்குத் திரும்பத் தகுதி என்று நாங்கள் எழுதினால் திரும்ப வேண்டும். ஒத்துழைக்கவில்லை என்று எழுதினால் வேலை போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மேஜைக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அனுப்ச்சாங்க, வந்தேன்" என்றார். என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. அதுதான் தோண்டக் கூடாதே. நேரே அதிசயக் கேள்விக்குப் போனேன். ராத்திரி அதிசயம் நடந்துவிட்டது, காலையில் வேலைக்குப் போகிறீர்கள், முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மிஷின்ல வலது பட்டன்ல ஒரு கம்பி கட்டிகீது. அது இருக்காது."

"அது இல்லண்ணா, உங்ககிட்ட என்ன மாறியிருக்கும்?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். எண் கேட்டேன். பூஜ்யம் என்றார். குறிப்பேட்டில் கம்பி பற்றி அவர் சொன்னதை எழுதி, பக்கத்தில் 'குறை சொல்பவர்' என்று போட்டுக்கொண்டேன். எங்கள் முறையில் அப்படி ஒரு வகை உண்டு. மாற வேண்டியது தான் அல்ல, மற்றவர்தான் என்று நினைக்கிற ஆள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது கண்ணெதிரே நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

இரண்டாவது வாரமும் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே போகாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன், அதற்கும் ஒரு கேள்வி இருந்தது. "நீ இன்னாம்மா, ரேஷன் கடையாட்டம் ஆளை எடை போட்டுகினே கீற" என்றார். மூன்றாவது வாரம், எந்த நாள் கொஞ்சம் பரவாயில்லை என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார். ஆவலாக எழுதிக்கொண்டேன், அன்று என்ன வித்தியாசமாகச் செய்வீர்கள் என்று அடுத்த கேள்வியும் போட்டேன். "அன்னிக்கு கம்பெனி சுட்டிம்மா" என்றார். போசரியில் வியாழன்தான் வார விடுமுறை. எனக்கே தெரிந்த விஷயம்.

விடவில்லை நான். வேலை நாளில் சொல்லுங்கள் என்றேன். போன வருடம் கம்பெனியின் சாமான் ஸ்டோரில் ஆள் இல்லாதபோது இரண்டு வாரம் அங்கே நின்றாராம். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆஹா அண்ணா, அப்போது நீங்கள் எந்த எண்ணில் இருந்தீர்கள்? ஆறு இருக்கும் என்றார். பாராட்டினேன். உங்களுக்குள் அந்தத் திறமை இருக்கிறது என்றேன். கட்டத்தில் ஆறு என்று எழுதினேன். பூஜ்யம், பூஜ்யம், ஆறு. ஸ்டோர் என்ற சொல்லுக்கு என் படிவத்தில் இடம் இல்லை.

நான்காவது அமர்வுக்குக் கையில் ஒரு கம்பெனிக் கடிதத்தோடு வந்தார். நல்ல முன்னேற்றம் தெரிவதால் திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் அதே பிரஸ்ஸில் சேர வேண்டும், சேராவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளப்படும். கடிதத்தை என் முன்னால் வைத்தார். குரல் உயரவே இல்லை.

"ரெண்டு பட்டன் கீதும்மா அந்த மிஷினுக்கு. ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாதான் எறங்கும். எதுக்கு? கை உள்ள இருக்கக் கூடாதுன்னு. இவனுங்க ஒண்ண கம்பி போட்டுக் கட்டிட்டானுங்க. ஒரு கையால அமுக்கு, ஒரு கையால தகரம் தள்ளு. மால் ஜாஸ்தி வரும். பக்கத்து மிஷின்காரனுக்கு நாலு விரல் போச்சு. நான்தான் துணில சுத்தி எடுத்துகினு ஓடினேன். அவன் கவனமா இல்லன்னு எழுதிட்டானுங்க. வேலைக்கு வரமாட்டேன்னு நான் சொல்லல. கம்பிய எடு, வரேன்னேன். மொத நாளே உன்னாண்ட சொன்னேனா இல்லியா?"

சொன்னார். என் கையெழுத்திலேயே இருந்தது. என் அதிசயக் கேள்விக்கு அத்தனை துல்லியமாக யாரும் பதில் சொன்னதில்லை. அதை நான் சரியான பதில் இல்லை என்று திருத்தினேன். கேள்வியில் குற்றமில்லை. எதிரில் இருப்பவர் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிற பாடத்தை எனக்கு அந்த இரண்டு நாளில் யாரும் நடத்தவில்லையா, நடத்தியபோது நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேனா, தெரியாது. ஒரு மனிதரின் கையை எடுத்து அந்தப் பிரஸ்ஸுக்குள் நானே வைத்துவிட்டது போல இருந்தது.

பொறுப்பாளரின் அறைக்குள் போய்க் கத்தினேன். கத்தினேன்தான், வேறு சொல் இல்லை. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, நம் வேலை ஆளோடு, மிஷினோடு அல்ல என்றார். கம்பெனி விவகாரத்தில் தலையிட்டால் நாளைக்கு யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள் என்றார். அப்புறம் மராத்தியில் மெதுவாகச் சொன்னார்: முறை உன்னுடையது, படிவம் உன்னுடையது, எண்ணும் நீ போட்டதுதான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கவைப்பது அதுதான்.

என் மேஜைக்குத் திரும்பினேன். அண்ணா, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன். ஆறு என்பது ஸ்டோரில் நின்ற இரண்டு வாரத்துக்கான எண், பிரஸ்ஸுக்கு அல்ல. கம்பியை எடுத்த அன்றே வேலைக்கு வருகிறார். இதை முதல் அமர்விலேயே சொன்னார், ஆலோசகர் கவனிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் வேண்டாம், உனக்குத்தான் கெடுதல் என்றார் அவர். இருக்கட்டும் என்றேன். பொறுப்பாளர் கையெழுத்துப் போட மறுத்தார். நான் மட்டும் போட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்துப் போசரிக்குப் போனேன். கேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பணியாளர் அதிகாரி எனக்கு டீ சொன்னார், நான் நீட்டிய அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஆலோசகருக்கு எந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். ஒன்றும் தெரியாது, பெற்றுக்கொண்டதாக என் நகலில் முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றேன். முத்திரை இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்று ரயில்வே வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முத்திரை விழுந்தால், கம்பி பற்றித் தெரியாது என்று கம்பெனி பிறகு சொல்ல முடியாது. அதிகாரியின் சிரிப்பு நின்றது. இரண்டாவது தடவை முழுவதும் படித்தார். யாருக்கோ போன் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து, இவரை ஸ்டோரில் போடுகிறோம், இந்த அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. முத்திரை விழுந்தது.

அவர் ஸ்டோருக்குப் போனார். ஐந்தாவது அமர்வுக்கு வந்தபோது நான் எண் கேட்கவில்லை. அவரும் நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"அந்த மிஷின்ல காண்ட்ராக்ட் ஆளப் போட்டுட்டானுங்க. கம்பி அப்படியேதான் கீது" என்றார். பிறகு, "இத்தோட சேத்து ரெண்டு உக்காரல் பாக்கி கீது இல்ல? எழுது" என்றார்.

அந்த இரண்டு அமர்விலும் அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினோம். கம்பி கட்டியிருக்கும் ஏழு பிரஸ்களையும், எந்த ஷிஃப்டில் எதில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பேர் போடாமலும் அனுப்பலாம் என்றேன். "பேர் போடு" என்றார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். அடுத்த மாதம் மையத்தில் எனக்கு வேலை இல்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் கோர்படி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் வந்து போயிருக்கிறார். மூன்று மிஷினில் கம்பியை எடுத்துவிட்டார்கள், நாலில் எடுக்கவில்லை. நான் பேனாவைத் தேடி எழுந்தேன். உட்காரச் சொன்னார். இந்த முறை மனுவை இந்தியில் தானே எழுதிவிட்டாராம். கையெழுத்துக்கு இன்னும் ஐந்து பேரைச் சேர்த்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது, முதல் மனுவின் நகலை வாங்கிக்கொண்டு போகத்தான்.