பேசினும் தூக்குவாளியும்

என் அம்மா ஒனோரின் தன் ஆயுளில் பாதியைத் தியெஸ் நகரத்துப் பஸ் நிலையத்தில் தியாக்ரி விற்றே கழித்தாள். ஆவியில் வெந்த கம்பு ரவையில் புளித்த பாலும் சர்க்கரையும் ஜாதிக்காய்த் தூளும் போட்டுக் கலக்கி, கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாள். காவ்லாக் ஊருக்குப் போகிற டிரைவர்கள் எஞ்சினை உறுமவிட்டபடியே குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுவார்கள். சாயங்காலம் சட்டியில் ஒட்டியிருப்பது அவளுக்கு. விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது தீனி இல்லடி, ருசி சோதனை" என்பாள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா நெஞ்சு நோயில் போன பிறகு அண்ணனையும் என்னையும் அந்தச் சட்டிதான் வளர்த்தது. என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் அதுதான்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் கடை கிடையாது. பெரிய வெள்ளி. அன்று ங்கலாக் செய்யும் நாள்.

வியாழக்கிழமையே வேர்க்கடலையை வறுத்து, மாவு மில்லில் பக்கத்திலேயே நின்று விழுதாக அரைத்துக்கொண்டு வருவாள். ஆனைப்புளி மரத்துக் காயின் வெள்ளைச் சதையை ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுவாள். இரண்டையும் சர்க்கரை, ஜாதிக்காய்த் தூளோடு சேர்த்துக் கலக்கி, கடைசியில் கம்பு ரவையைக் கொட்டுவாள். புளிப்பும் இனிப்பும் கடலை வாசமுமாகக் கெட்டியாக நிற்கும். பஸ் நிலையத்தில் இப்போது அதையும் விற்கிறார்கள். அம்மா விற்றதே இல்லை. "காசு வாங்கினா அது வெறும் கம்பங்கூழ்" என்பாள்.

அது இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு அகலமான எனாமல் பேசினில் எங்களுக்கு. பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, கோவிலில் சிலுவைப்பாதை முடித்து வந்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டியோடு சாப்பிடுவோம். மற்றது தூக்குவாளிகளில் மூடி போட்டு, தெருவில் உள்ள முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். பக்ரீத்துக்கு அந்த வீடுகளிலிருந்து எங்களுக்குக் கறி வரும்.

சமூகவியல் படிப்பின் கடைசி வருடம் நான் இதைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். நல்லிணக்கத்துக்கு உதாரணம் என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் வகுப்பில் படித்துக் காட்டினார். யாருக்குப் பேசின், யாருக்குத் தூக்குவாளி என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை.

கேள்வியாக்கியவன் என் அண்ணன் ஜெரார். மினிபஸ் டிரைவர். அஸ்து என்ற பெண்ணைக் கட்டுவதற்காக முஸ்லிம் ஆனான். மாலிக் என்று பெயர் வைத்துக்கொண்டான். வீட்டில் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாரெம்தான் அம்மாவிடம் சொன்னாள், தன் புருஷன் அவனைப் பள்ளிவாசலில் பார்த்ததாக. அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வருடப் பெரிய வெள்ளியன்று தூக்குவாளிகளை வரிசையாக வைத்து நிரப்பும்போது புதிதாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இது தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்" என்றாள். அண்ணன் குடிபோயிருந்த பக்கம்.

"அம்மா, அண்ணன் சாயங்காலம் இங்கதான் வரும். பேசின்ல சாப்பிடட்டும்."

"பேசின் வீட்டு ஆளுங்களுக்கு. அவன் அந்த வீட்டுக்காரன் ஆயிட்டான். அவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறோமோ அப்படிக் கொடு. குறைச்சலா ஒண்ணும் வைக்கலியே?"

குறைச்சலாக வைக்கவில்லைதான். மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. உலர்ந்த திராட்சையும் நிறையப் போட்டிருந்தாள்.

நான் கொண்டுபோன வாளியை அண்ணன் வாங்கி மூடியைத் திறந்தான். திரும்ப மூடினான். "மூடி போட்டா அனுப்பியிருக்கா?" என்று சிரித்தான். "சரி. பக்கத்து வீட்டம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லு."

அந்த வருடம் பக்ரீத்துக்கு ஆட்டுத் தொடை ஒன்று வந்தது. அவன் கொண்டுவரவில்லை. மச்சானிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். எந்த அண்டைவீட்டுக்காரனும் அனுப்புவது போல, வாழ்த்தும் சொல்லி. அம்மாவும் பதில் வாழ்த்து சொல்லி வாங்கிக்கொண்டாள். வருடாவருடம் இதுவே நடந்தது. சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருவரும் அத்தனை மரியாதையாக இருந்தார்கள்.

இத்தனைக்கும் தினமும் பார்த்துக்கொண்டார்கள். அவன் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அம்மாவின் கடை. அவன் அடுத்த கடையில்தான் தியாக்ரி வாங்குவான். "அந்தப் பொம்பள பால்ல பாதி தண்ணி ஊத்துறா" என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள். "வயித்த வலிக்கும் அவனுக்கு."

பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. சட்டியை விரலால் வழிப்பதை மட்டும் விடவில்லை. சர்க்கரை கண்ணைத் தொட்டு, சிறுநீரகத்துக்கும் போனது. கடையை விற்றோம். செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். இனிப்பு கூடாது என்றார்கள். கடலையும் ஆனைப்புளியும் விஷம் மாதிரி, நெஞ்சை நிறுத்திவிடும் என்று டாக்டர் என்னைப் பார்த்தே சொன்னார். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு அதைக் காவல் காப்பதே வேலையானது.

இந்த வருடம் பெரிய வெள்ளி ரமலானுக்குள் விழுந்தது. அந்த வாரம் மாரெம் அம்மாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். அவள் தூக்குலோர், நாங்கள் செரேர். இந்த இரண்டு ஜனமும் ஒருவரை ஒருவர் அடிமை என்று ஏசிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம்.

"ஏய் என் அடிமை, இன்னும் சாகலியா நீ?" என்றாள் மாரெம்.

"உன் சாவுக்குச் சோறு தின்னுட்டுத்தான் போவேன்."

"தின்னு தின்னுதானே இப்படிக் கெடக்க. ஊர்ல எல்லா மாமியாருக்கும் மருமக நோன்புச் சர்க்கரை கொண்டாந்து கொடுத்தாச்சு. உனக்கு வந்துச்சா?"

"எனக்கு ஏது மருமக?"

"இருக்கா. நீதான் வாளியில அடைச்சு மூடி போட்டு வெச்சிருக்க" என்றாள் மாரெம். அது கேலி இல்லை. அம்மாவும் பதிலுக்கு ஏசவில்லை.

மாரெம் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை அவனை வரச் சொல்லு. பேசினுக்கு. அவன் நோன்பு. பாங்கு சொல்ற வரைக்கும் நாம யாரும் கை வைக்க வேணாம்."

நான் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அண்ணன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். நிமிரவில்லை.

"சாவு வருதுன்னதும் பேசினுக்குக் கூப்பிடுறாளா?"

"அண்ணா."

"பார்க்கலாம்" என்றான்.

அம்மா உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல நான் கலக்கினேன். கோவிலிலிருந்து வந்து எல்லோரும் பேசினைச் சுற்றி உட்கார்ந்தோம். கட்டிலிலிருந்து அம்மாவை இறக்கிச் சுவரோடு சாய்த்திருந்தேன். நேரம் ஆக ஆகக் கம்பு கரைசலை எல்லாம் குடித்து உப்பியது. மாமா பாஸ்கால், அம்மாவின் தம்பி, கோவிலில் உபதேசியார், பொறுமையிழந்தார்.

"அக்கா, ஆண்டவர் செத்த நாள்ல பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருக்கணுமா நாம?"

"பசிச்சா நீ தின்னு. உன் ஓரத்தில மட்டும் தின்னு."

அவர் தின்னவில்லை. பாங்கு கேட்டது. தெருவில் நடமாட்டம் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம். அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

வந்தது அஸ்து. தனியாக. கையில் கட்டிச் சர்க்கரைப் பெட்டிகளும் பேரீச்சம்பழமும். வாசலிலேயே நின்றாள்.

"அவன் அனுப்பினானா?" என்றாள் அம்மா.

"இல்ல அத்தை. நானா வந்தேன். இது நோன்புச் சர்க்கரை. முதல் வருஷமே கொடுத்திருக்கணும்."

"சர்க்கரை. என் ஒடம்புல அது ஒண்ணுதான் கொறைச்சல்." அம்மா கையை நீட்டினாள். பெட்டிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவன்?"

"வீட்ல இருக்கார். வரச் சொன்னேன். 'மூடி போட்டு அனுப்பச் சொல்லு, சாப்பிடுறேன்'னார்."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. கரண்டி எடு. கோலெத், தண்ணி ஊத்தி இளக்கு, கல்லாப் போச்சு" என்றாள் என்னிடம்.

அஸ்து சாப்பிட்டாள். நாங்களும் சாப்பிட்டோம். தண்ணீர் விட்டு இளக்கியதில் ருசி மட்டுப்பட்டிருந்தது. அம்மா தொடவில்லை, ஒவ்வொருவர் கரண்டியும் வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அண்ணனின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாள்.

"நான் கொண்டு போறேனே அத்தை" என்றாள் அஸ்து.

"வேணாம். இங்க வந்து சாப்பிடச் சொல்லு."

ஈஸ்டருக்கு மறுநாள் அம்மா இறந்துபோனாள். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, ஈஸ்டருக்குக் கோவிலைக் கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அந்தக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. தனியாக எழுந்து, சுவரைப் பிடித்து நடந்திருக்கிறாள்.

"அண்ணன் வந்துச்சா?" என்றேன்.

"இல்ல."

"கொட்டிட்டியா?"

"பெரிய வெள்ளிச் சாப்பாட்டை யாராவது கொட்டுவாங்களா?" என்றாள். உதட்டோரம் கடலை விழுது ஒட்டியிருந்தது. "ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்ட. ஆனா நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அந்த முகத்தை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். மகன் வராத வெறுப்பில் தின்றாளா, அல்லது இனிப்புக்கு ஏங்கிப்போன ஒரு பெண் கிடைத்ததை ஆசைதீரத் தின்றாளா? இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. படித்த படிப்பு இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவள் முகத்தில் துக்கம் தெரியவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

திங்கள் விடியலில் கைகால் மரத்துவிட்டது என்றாள். மூச்சு வாங்கியது. மாரெமின் புருஷன் வண்டி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் அண்ணனும் அஸ்துவும் ஓடிவந்தார்கள். அண்ணன் டிரைவர் சட்டையோடு, பட்டன் மாற்றிப் போட்டிருந்தான்.

நர்ஸ் வெளியே வந்தாள். "டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு என்ன சாப்பிட்டாங்க? மறைக்காம சொல்லுங்க."

"ங்கலாக்" என்றேன்.

"ருசி பார்த்தாங்களா, நிறையவா?"

"ஒரு ஆளோட பங்கு."

அவள் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"யாரோட பங்கு?"

அஸ்துதான் சொன்னாள். "உங்களோடது."

அவன் நடைவழியில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தள்ளுவண்டியோடு வந்தவர்கள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. அஸ்து குனிந்து அவன் கால்களை மடக்கி ஓரமாக வைத்தாள்.