கம்ப்யூட்டர் எடுத்த நிலா

தையல் மிஷின் பழுது பார்க்கிற அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அன்று கடையில் திருப்புளி மட்டும்தான் பேசியது. புகைப்படக் கண்காட்சிக்குக் கொடுத்த படம் திரும்பி வந்திருந்தது. பின்னால் ஒரு சீட்டு: “கணினி எடுத்த படம். ஏற்பதற்கில்லை.”

எழுதியவர் கண்காட்சியின் தேர்வாளர், கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவருடைய கேமரா தானாக வெளிச்சம் அளக்கும், தானாகவே ஃபோகஸ் செய்யும். அதெல்லாம் கலையாம். இவளுடையது மட்டும் கணினியாம். இந்த நியாயம் எந்தக் கடையில் விற்கிறதோ.

பதினோரு நாள் எடுத்த படம் அது. வானத்தில் ஒரு சிவந்த வாயு மேகம். ஒவ்வொரு நாளும் கடையடைத்துவிட்டு வந்து, தொலைநோக்கியை மூச்சிரைக்க மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவாள். முக்காலியை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, தொலைநோக்கி சுழலும் அச்சை வானத்தின் வட துருவத்துக்கு நேராக நிறுத்துவாள். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். பிறகுதான் லேப்டாப். ஒரு நட்சத்திரத்தைக் காட்டி ‘அங்கே போ’ என்றால் மோட்டார் முனகிக்கொண்டே போய் நிற்கும். நின்ற இடத்தில் நட்சத்திரம் இருக்காது. அவள்தான் தேடிப் பிடித்து, நடுவில் கொண்டுவந்து, ‘இதுதான் அது’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படி மூன்று நட்சத்திரம். முதல் நாள் படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்திருந்தது. மோட்டாரின் பல்சக்கரத்தில் மயிரிழை ஆட்டம். மிஷின் கடைத் திருப்புளியாலேயே அதையும் சரி செய்தாள்.

“விடும்மா, அவருக்கு என்ன தெரியும்?” என்றார் கணவர். பஸ் ஓட்டுகிறவர், எதையும் பின்னால் விட்டுவிட்டுப் போய்ப் பழகியவர்.

“தெரியலைன்னா தெரியலைன்னு எழுதணும்.”

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கண்காட்சிக் கூடத்தின் முற்றத்தில் போய் இறங்கினாள். தொலைநோக்கியை வைத்த வாக்கிலேயே நிறுத்தினாள். எதையும் நேர் செய்யவில்லை. தலைக்கு மேலே அரை நிலா பளிச்சென்று இருந்தது.

“சார், நிலாவை ஒரு படம் எடுங்க. நான் தொடவே மாட்டேன். கம்ப்யூட்டர்தானே எடுக்குது?”

சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். தேர்வாளர் சிரித்துக்கொண்டே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பட்டியலில் ‘சந்திரன்’ இருந்தது, அமுக்கினார். மோட்டார் சுழன்றது. தொலைநோக்கி வெகு மிடுக்காகத் திரும்பி, நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடத்தின் பின்சுவரைப் பார்த்து நின்றது. திரையில் ‘சந்திரன்: சேர்ந்தாயிற்று’ என்று வந்தது.

“படம் எடுங்க சார்.”

எடுத்தார். மங்கலாக ஒரு பச்சைப் பட்டை. கழிவுநீர்க் குழாய்.

“எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல,” என்று அசடு வழிந்தார்.

“நீங்க ஒண்ணுமே பண்ணல சார். அதுதான் தப்பு.”

“வடக்கு எதுன்னுகூட அதுக்குத் தெரியாதா?”

“ஆள் சொல்லணும். தினமும் புதுசா சொல்லணும்.”

அவர் தொண்டையைச் செருமினார். “சரிம்மா, படத்தைக் கொடுங்க. மாட்டிடலாம். கீழ ‘கணினி உதவியுடன்’னு ஒரு வரி போட்டுடறேன்.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தாராளமா போடுங்க. அப்படியே உள்ள மாட்டியிருக்கற அத்தனை படத்துக்கும் கீழ ‘கேமரா உதவியுடன்’னு போடுங்க. உங்க படத்துல இருந்து ஆரம்பிங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை.

படம் மாட்டப்பட்டது. கீழே அவள் பெயர் மட்டும் இருந்தது. சொந்தப் பெயரை எழுத வைக்கக் கழிவுநீர்க் குழாயைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.